கோடியக்கரையில் பறவை விழா: ஆசையால் நாம் செய்துவிடும் தவறுகள்

வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரைக்குப் போகிற சாலையில், தை மாதக் காலை ஆறரை மணிக்கு உப்பளத்தோரம் நின்று பாருங்கள். தண்ணீர் முழுக்கப் புள்ளி புள்ளியாக உள்ளான்கள் என்னும் சின்னக் கரைப்பறவைகள். சைபீரியாவின் வடகோடியிலிருந்தும் திபெத் மேட்டுநிலத்திலிருந்தும் வந்து இறங்கியவை. இதை ஊரோடு சேர்ந்து கொண்டாட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். பள்ளிகளும் இயற்கை ஆர்வலர்களும் ஊர் இளைஞர்களும் கூடிப் பறவை விழா நடத்துவதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சில ஆண்டுகளாக இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன். அங்கே திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். கோடியக்கரையை மனதில் வைத்து எழுதினாலும் பழவேற்காட்டுக்கும் தனுஷ்கோடிக்கும் மன்னாருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறிப்பது

உலக வலசைப் பறவைகள் நாள் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது: மே மாத இரண்டாம் சனி, அக்டோபர் மாத இரண்டாம் சனி. அதைப் பார்த்து மே மாதத்தில் விழா வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வெயிலில் வந்து நின்றால் சதுப்பு வெறிச்சோடிக் கிடக்கும். நம் கரைக்கு வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலேயே வடக்கே கிளம்பிவிடும். ஆர்க்டிக் பகுதியில் கோடை ரொம்பச் சின்னது. ஜூனில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, ஜூலை கடைசியிலேயே திரும்பத் தொடங்க வேண்டும். அந்த ஆண்டு கூடு கட்டாத இளம் பறவைகள் கொஞ்சம் மட்டும் இங்கேயே தங்கும்.

அக்டோபரில் பறவை உண்டு. ஆகஸ்டிலிருந்தே வந்து இறங்க ஆரம்பித்துவிடும். ஆனால் வடகிழக்குப் பருவமழை எந்த நாளில் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தது இதே வேதாரண்யம் பக்கம்தான். மழை ஓய்ந்து, அதிராம்பட்டினம் பக்கம் வரை நீளும் சதுப்பில் தண்ணீர் மெல்ல வடிந்து, சேறு வெளியே தெரியத் தொடங்கும் ஜனவரி, பிப்ரவரிதான் தோதான காலம். அந்தச் சேற்றில்தான் புழுவும் நத்தையும் சின்ன நண்டும் இருக்கின்றன. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில் நடப்பதால் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். தை அமாவாசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்குக் கோடியக்கரைக் கடலில் நீராடப் பெருங்கூட்டம் வரும், வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. மே மாத நாளையும் வீணாக்க வேண்டாம். அதை வகுப்பறைக்குள் ஒரு வழியனுப்பு நாளாக வைத்து, பறவை போகும் வழியை உலகப்படத்தில் வரைய வைக்கலாம்.

தேதி சரியாக அமைந்தாலும் நேரம் தவறிவிடுகிறது. தலைமை விருந்தினர் பத்து மணிக்கு வருவார், விளக்கேற்றிப் பேச்சு முடியப் பதினொன்றரை ஆகும், அப்புறம்தான் பறவை பார்க்கப் புறப்பாடு. அந்நேரம் உப்பளத்தின் மேல் கானல் ஆடும். தொலைநோக்கியில் எல்லாமே நெளியும். பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். பறவையை முதலில் காட்டுங்கள், மேடையை வெயில் ஏறின பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்பதும் முக்கியம்.

கூட்டத்தைப் பறக்கவிட்டுப் பார்ப்பது

எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். நான் போயிருந்த ஒரு விழாவில், ஒருவர் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, "கையைத் தட்டுங்க தம்பி" என்றார். பிள்ளைகள் தட்டினார்கள். ஆயிரக்கணக்கான உள்ளான்கள் ஒரே வீச்சில் எழுந்து, வெள்ளியாகத் திரும்பி, வானத்தில் சுருண்டன. எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுக்குப் பறவை என்ன விலை கொடுத்தது என்பதை அங்கே யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால் இப்போது போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

கொசு உள்ளானைக் கையில் வைத்தால் கனமே தெரியாது. சுமார் 25 கிராம். அது பகலிலும் இரவிலும் சேற்றைக் கொத்திக் கொழுப்புச் சேர்க்கிறது. அந்தக் கொழுப்புதான் திரும்பிப் போகும் பயணத்துக்கு எரிபொருள். கிளம்புவதற்கு முன் தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும் கரைப்பறவைகள் உண்டு. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் என்ற ஒரு கரைப்பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை ஏறக்குறைய 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. உணவில்லை, தண்ணீரில்லை, உடம்பில் சேர்த்த கொழுப்பு மட்டுமே. அதே இனப் பறவைகள் நம் கரைக்கும் வருகின்றன. ஒவ்வொரு முறை நாம் எழுப்பிவிடும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் எரிகிறது, தின்னும் நேரமும் போகிறது. ஒரு தடவை என்றால் தாங்கிவிடும். விழா நாளில் குழு குழுவாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அதுதான் சிக்கல்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்று மீட்டரில் கேட்பார்கள். பறவையையே பாருங்கள். தலையைக் குனிந்து கொத்திக்கொண்டிருந்தால் சரி. கொத்துவதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினாலே நாம் எல்லை தாண்டிவிட்டோம். அப்படியே நின்று, மெல்லப் பின்வாங்க வேண்டும். வரப்பில் வானம் பின்னணியாக வரிசை கட்டி நிற்காமல், கீழே உட்கார்ந்து பார்த்தால் பறவைக்குப் பயம் குறையும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். பறவைகள் அதை வேட்டைப் பருந்தாகவே எடுத்துக்கொள்ளும், சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடுவது குற்றமும்கூட.

பூநாரையை மட்டும் காட்டுவது

பதாகையில் பூநாரை, சட்டையில் பூநாரை, நினைவுப்பரிசிலும் பூநாரை. ஆந்திராவின் சூளூர்பேட்டையில் அதன் பெயரிலேயே பெரிய விழா நடக்கிறது, அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பூநாரை எங்கே என்று தேடிக்கொண்டே, காலடியில் கல்லைப் புரட்டி இரை தேடும் கல்திருப்பி உள்ளானைப் பாராமல் தாண்டிப் போகிறோம். பழுப்பாகச் சின்னதாக இருப்பதையெல்லாம் "ஏதோ கொக்குக் குஞ்சு" என்று சொல்லிவிடுகிறோம். பெயர் தெரியாத ஒன்றின் மேல் பிள்ளைக்கு எப்படிப் பிரியம் வரும்? ஆட்காட்டி, பவளக்காலி, பச்சைக்காலி, நண்டுதின்னி, ஆலா: தமிழில் எவ்வளவு நல்ல பெயர்கள். ஒரு விழாவுக்கு ஆறு பறவை போதும். அந்த ஆறையும் மூக்கின் நீளம், காலின் நிறம், நடக்கும் விதம் பார்த்துப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

ஊர்க்காரரைப் பார்வையாளராக உட்கார வைப்பது

நிபுணர் மேடையில் பேசுவார், மீனவரும் உப்பளத் தொழிலாளியும் பின்வரிசையில் இருப்பார்கள். இதைத் தலைகீழாக்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் ஓதம், அதாவது கடல்மட்டம், ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. சதுப்பில் எந்தப் பக்கம் சேறு வெளிப்படும் என்பதைப் பெரும்பாலும் காற்றும் மழையும்தான் முடிவு செய்கின்றன. இன்றைக்கு வாடையா, கொண்டலா, அதனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும், எந்தப் பாத்தியில் பறவை நிற்கும் என்று சொல்ல அங்கே தினமும் வேலை செய்கிறவருக்குத்தான் தெரியும். அவரையே வழிகாட்டியாகக் கூப்பிட்டு, அதற்கு உரிய கூலியையும் கொடுங்கள். சாப்பாட்டை ஊர்ப் பெண்கள் குழுவிடம் ஒப்படையுங்கள்.

பறவை பிடிப்பது பற்றிப் பேசும்போதும் நிதானம் வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதைத் தெளிவாகச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஊர் முழுவதையும் வேட்டைக்காரர் போலப் பேசினால் அடுத்த ஆண்டு யாரும் விழாவுக்கு வரமாட்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலூன் பறக்கவிடுவதும் வெடி வெடிப்பதும் கடற்கரையில் கூடவே கூடாது. ஒலிபெருக்கி ஊருக்குள் இருக்கட்டும். வீட்டு நாயைக் கூட்டி வர வேண்டாம். மணலில் வண்டி ஓட்டவே வேண்டாம், மார்ச் பிறந்துவிட்டால் இன்னும் கவனம் தேவை. எல்லாப் பறவையும் வெளியூர்க்காரர் இல்லை. 2023-இல் தனி இனம் என்று நிறுவப்பட்ட அனுமன் உப்புக்கொத்தி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடு வைக்கிற பறவை; ராமர் பாலத்தை நினைத்து வைத்த பெயர் அது. கூடு என்றால் மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மணல் நிறத்திலேயே முட்டை. மிதித்த பிறகுதான் தெரியும். தனியாக ஓடும் குஞ்சைப் பார்த்து, தாயை இழந்துவிட்டது என்று எடுத்து வராதீர்கள். நீங்கள் நகர்ந்ததும் தாய் வந்துவிடும்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைப் பார்த்தால் துரத்திப் படம் எடுக்க வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே எந்தக் காலில், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்துக்கொள்ளுங்கள். பறவைகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று அறிய, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையமிட்டு வருகிறது. இறந்து கிடந்த பறவையில் வளையம் இருந்தால் அதன் எண்ணை அவர்களுக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள். அந்தப் பறவைக்கு எங்கே, எந்த ஆண்டு வளையம் மாட்டினார்கள் என்று பதில் வந்தால், அதைக் கண்டெடுத்த பிள்ளையையே வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்லுங்கள்.