கிளிப்பிள்ளைக் கவுன்சிலிங்

கவுன்சிலிங் பழக வருபவர்களை மூன்று மூன்று பேராக உட்காரவைப்போம். ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், மூன்றாமவர் கவனிப்பார். நான் மூலையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். கேட்பவர் செய்யும் தப்பெல்லாம் ஒரு காலத்தில் நான் செய்தவைதான்.

அறிவுரை சொல்லக்கூடாது, கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதெல்லாம் முதல் வகுப்புப் பாடம், விட்டுவிடுகிறேன். ("இவனுக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க சார்" என்று பிள்ளையை இழுத்துவரும் அப்பாவுக்கு அது புரிய நாளாகும். அது வேறு கதை.)

சொன்னதையே திருப்பிச் சொல்வது

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940-களில், அறிவுரை சொல்லாமல் கேட்கும் இந்த முறையை வகுத்தபோது, வந்தவரை நோயாளி என்று அழைக்கவில்லை. எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வந்தவருக்கே தெரியும் என்று நம்பினார். வந்தவரிடம் மாற்றம் வருவதற்கு 1957-ல் ஆறு நிபந்தனைகள் எழுதினார். கேட்பவர் பாசாங்கில்லாமல் இருப்பது, எடைபோடாமல் ஏற்பது, அடுத்தவர் உலகை அவர் கண்ணால் பார்ப்பது மூன்றும் அவற்றில் அடக்கம். மூன்றும் வருவதற்கு வருஷக்கணக்காகும். அதனால் புதியவர்கள் கைக்கு எட்டுகிற ஒரே உத்தியைப் பிடித்துக்கொள்கிறார்கள்: சொன்னதைத் திருப்பிச் சொல்.

நானும் அப்படித்தான். அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பெண் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). "எல்லாரும் அழுதாங்க சார், எனக்கு மட்டும் அழுகையே வரல" என்றார். "உங்களுக்கு அழுகை வரவில்லை" என்றேன். "வீட்டுக்குப் போகவே பிடிக்கல." "வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை." ஐந்தாவது தடவை நிமிர்ந்து பார்த்தார். "நான் சொன்னதையே சொல்றீங்களே சார்." அடுத்த வாரம் வரவில்லை. அப்புறமும் வரவில்லை. அவர் பேச்சை நான் செய்தி வாசிப்பதுபோல் திருப்பி வாசித்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இதில் எரிச்சல் என்னவென்றால், ரோஜர்ஸுக்கே இது பிடிக்கவில்லை. இந்த உத்திக்கு 'உணர்வைப் பிரதிபலித்தல்' என்ற பெயரே தப்பு, நான் புரிந்துகொண்டது சரிதானா என்று வந்தவரிடமே சரிபார்க்கிறேன், அவ்வளவுதான் என்று 1986-ல் எழுதினார். இன்னும் ஒப்பித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

போன மாதப் பயிற்சியில் ஒருவர் தங்கை கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். "எல்லா வேலையும் நானேதான் இழுத்துப்போட்டுச் செஞ்சேன்." கேட்டவர் நாலு தடவை ஒப்பித்தார். நிறுத்தி, "உங்களுக்கு என்ன புரிஞ்சுதோ அதைச் சந்தேகமாவே கேளுங்க" என்றேன். அவர் தயங்கித் தயங்கி, "யாரும் ஒரு நன்றி சொல்லலையேன்னு வருத்தமா இருக்கோ?" என்றார்.

"இல்ல... வருத்தமில்ல." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பொறாமை."

அந்த 'இல்ல'வுக்காகத்தான் நாம் எதிரே உட்கார்ந்திருக்கிறோம். யூகம் தப்பாகப் போனது நல்லதாயிற்று. ஊர் என்ன சொல்லும், எதிரே இருப்பவர் என்ன நினைப்பார் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, அவர் தனக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னார். இந்த முறையில் வளர்ச்சி என்று நான் கண்டது பெரும்பாலும் இந்தப் பழக்கத்தைத்தான். பிறகு வீட்டிலும் ஆபீஸிலும் அப்படியே உள்ளே பார்த்து முடிவெடுக்க ஆரம்பிக்கிறார்கள். ஒப்பிக்கிறவரிடம் 'இல்ல' சொல்ல வழியே கிடையாது. தன் வார்த்தையே திரும்பி வந்தால் எதை மறுப்பது?

ஏற்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதா?

இல்லை. மனைவியை அடித்தவரை ஏற்கலாம், அடியை அல்ல.

டிஷ்யூ பெட்டி

எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நீட்டாதீர்கள். நீட்டினால் "அழாதீங்க" என்று அர்த்தம்.

சாவைப் பற்றிப் பேச்சு வந்தால்

இங்கே சுற்றிவளைக்காதீர்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக அனுப்பாமல் மனநல மருத்துவரிடம் சேர்ப்பது உங்கள் வேலை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். பதற்றத்தில் தேடினால் கிடைக்காது.