உயர்விலை ரைஃபிள் பாகம்: பணம் கொடுப்பதற்கு முன் நேரும் தவறுகள்

இலக்குச் சுடுதலில் ஓரளவு தேர்ச்சி பெற்ற பலருக்கும் ஒரு கட்டத்தில் ஓர் ஐயம் எழுகிறது. இப்போதுள்ள குழலையோ டிரிகரையோ ஸ்கோப்பையோ கழற்றிவிட்டு, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள ஒன்றைப் பொருத்தினால் குறி கூடுமா என்பதே அது. கூடலாம், கூடாமலும் போகலாம். வாங்கிய பாகம் தரமற்றதாக இருந்து பணம் வீணாவது குறைவு. அந்தப் பாகம் எந்தக் குறையைத் தீர்ப்பதற்காக உருவாக்கப்பட்டதோ அந்தக் குறை நம் துப்பாக்கியிலோ நம்மிடமோ இல்லாதபோதுதான் பெரும்பாலும் பணம் வீணாகிறது.

இதில் அடிப்படையான தவறு, சிதறலை, அதாவது குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் பரவும் அளவை, சாதாரணக் கூட்டல் கணக்காக நினைப்பது. துப்பாக்கியின் சிதறலைப் பாதியாகக் குறைத்தால் இலக்கில் தெரியும் சிதறலும் அதே அளவு குறையும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஒன்றையொன்று சாராத பிழைகள் அப்படிச் சேர்வதில்லை. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வருவதே மொத்தப் பிழை. 100 மீட்டரில் சுடுபவரின் தடுமாற்றம் 30 மில்லிமீட்டர், துப்பாக்கியும் தோட்டாவும் தரும் சிதறல் 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 32.3 ஆகிறது. பெரும் பணம் செலவழித்து அந்த 12-ஐ 6 ஆக்கினாலும் மொத்தம் 30.6-க்குத்தான் இறங்கும், ஆதாயம் ஐந்து விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அதே பாகத்தை, தடுமாற்றம் 10 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஒருவர் வாங்கினால் அவருடைய மொத்தம் 15.6-இலிருந்து 11.7-க்கு இறங்குகிறது, அதாவது நான்கில் ஒரு பங்கு குறைகிறது. பாகமும் விலையும் ஒன்றாக இருந்தும், ஒருவருக்கு அது தேவை, மற்றவருக்கு அலங்காரம். தன்னுடைய தடுமாற்றம் எவ்வளவு என்று அளந்து பார்க்காத ஒருவர் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் பயனில்லை. நல்ல தாங்கியில் வைத்துச் சுட்ட கூட்டத்தையும் (இலக்கில் சேர்ந்து விழுந்த துளைகளையும்), போட்டியில் நிற்கும் நிலையில் சுட்ட கூட்டத்தையும் அருகருகே வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அளப்பதிலும் தவறு நேர்கிறது. மூன்று குண்டுகள் சுட்டு, அவை நெருக்கமாக விழுந்ததும் புதிய குழல் அற்புதம் என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான பழக்கம். கூட்டத்தின் அளவை, மிக விலகி நிற்கும் இரண்டு துளைகளுக்கு இடையிலான தூரமாகவே பெரும்பாலோர் எடுக்கிறார்கள். அந்த அளவு, குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூடத் தானாகவே பெரிதாகும். ஒரே துப்பாக்கியில் 10 குண்டுகளின் கூட்டம் 3 குண்டுகளின் கூட்டத்தைப்போலச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் இருக்கும். பழைய குழலைப் பத்துக் குண்டுகளாலும் புதியதை மூன்று குண்டுகளாலும் சோதித்தவர், குழலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே முன்னேற்றத்தைக் கண்டுவிடுவார். தயாரிப்பாளர் தரும் உத்தரவாதத்தையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். ஒரு கோணநிமிடம், அதாவது 100 மீட்டரில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர், என்று எழுதியிருந்தால் அது எத்தனை குண்டுகளுக்கு, எந்தத் தோட்டாவைக் கொண்டு என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும். அது எழுதப்படாத உத்தரவாதத்தை நான் விளம்பரமாகவே கருதுவேன். பழையதையும் புதியதையும் ஒரே தோட்டாத் தொகுதியால் (ஒரே தயாரிப்பில் வந்த தோட்டாக்களால்), தலா 10 குண்டுகள் கொண்ட சில கூட்டங்களாகச் சுட்டு, மையத்திலிருந்து ஒவ்வொரு துளையும் விலகிய தூரத்தின் சராசரியை ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி. இதற்குச் செலவாகும் தோட்டாக்களை எண்ணித் தயங்குபவர்கள், அந்தச் செலவைத் தாங்கள் வாங்க நினைக்கும் பாகத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தோட்டாவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 5.6 மில்லிமீட்டர் ரிம்ஃபயர் துப்பாக்கியில் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் வகை), குழலை மாற்றுவதற்கு முன் தோட்டாத் தொகுதியை மாற்றிப் பார்க்காதது பெரிய தவறு. ஒரே பெயரும் ஒரே விலையும் கொண்ட தோட்டாவிலும் ஒரு தொகுதி ஒரு குழலில் நன்றாகவும் இன்னொன்றில் சுமாராகவும் அமையும். முன்னணி வீரர்கள் ஜெர்மனியின் ஷோனெபெக்கில் உள்ள, தோட்டா தயாரிப்பாளரான லபுவாவின் சோதனை மையத்துக்கும், இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள, மற்றொரு தயாரிப்பாளரான எலேயின் மையத்துக்கும் துப்பாக்கியை எடுத்துச் சென்று, அதைப் பற்றுக்கருவியில் பொருத்தி, பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்துத் தங்களுக்கு ஒத்துவந்த தொகுதியை மொத்தமாக வாங்குவது இதனால்தான். 50 மீட்டர் இலக்கின் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே பத்து கிடைப்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். முழு எண்ணில் மதிப்பெண் தரும் போட்டியில் இது தாராளமான இடம். 10.9 வரை தசமத்தில் எண்ணும் போட்டியிலோ ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் வருவதால், அங்கே உயர்தரக் குழலுக்கு உண்மையான மதிப்பு உண்டு. எந்தப் போட்டிக்காக வாங்குகிறோம் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு மதிப்பைப் பேச முடியாது.

டிரிகர் பற்றிய மயக்கம் வேறு வகையானது. துப்பாக்கியை இயந்திரத் தாங்கியில் இறுக்கிச் சுட்டால், நல்ல டிரிகருக்கும் சுமாரான டிரிகருக்கும் இலக்கில் அநேகமாக வேறுபாடே தெரியாது. டிரிகர் தரும் நன்மை முழுவதும் சுடுபவரின் விரல் வழியாகவே வருகிறது. ஆகவே தாங்கியில் வைத்துச் சுட்டு டிரிகரை மதிப்பிடுவது, அதன் மதிப்பே வெளிப்படாத இடத்தில் அதைத் தேடுவதாகும். என் கருத்தில், இழுவை கரகரப்பாகவும் விடுபடும் புள்ளி நிச்சயமற்றும் உள்ள டிரிகரை மாற்றுவது, பெரும்பாலோருக்குக் குழல் மாற்றத்தைவிடப் பயனுள்ளது. விதியைப் பார்க்காமல் வாங்குவதுதான் அபத்தம்: பன்னாட்டு விதிகளின்படி 10 மீட்டர் காற்று ரைஃபிளில் டிரிகர் எடைக்குக் கீழ்வரம்பு இல்லை, 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளில் அது 1,500 கிராமுக்குக் குறையக் கூடாது. செலவை மிச்சப்படுத்துவதற்காக, இருக்கும் டிரிகரின் பற்றும் முகங்களை (இழுக்கும்வரை ஒன்றையொன்று பிடித்து நிற்கும் உலோகப் பரப்புகளை) வீட்டிலேயே அரத்தால் தேய்ப்பது தவறு என்பதைவிட ஆபத்து என்றே சொல்ல வேண்டும். பொருத்தும்போது ஒட்டுப்பசை அளவுக்கு மீறியதால் துப்பாக்கி தானாக வெடிக்கும் வாய்ப்பு உண்டு என்று கண்டு, 2006 முதல் தயாரான எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகர்களை ரெமிங்டன் நிறுவனம் 2014 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. தொழிற்சாலையிலேயே அப்படி நேரக்கூடிய இடத்தில் அரத்துக்கு வேலையில்லை.

ஸ்கோப்பில், உடல் குழாயின் விட்டம் 30-க்குப் பதில் 34 மில்லிமீட்டராக இருந்தால் வெளிச்சம் கூடும் என்று நம்பிப் பணம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய குழாயால் பெரும்பாலும் கிடைப்பது கூடுதல் திருத்த எல்லையே, அதாவது குறியை நகர்த்தக்கூடிய அளவே. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம், முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்க அளவால் வகுத்தால் வரும்: 56 மில்லிமீட்டர் வில்லை, 8 மடங்கில் 7 மில்லிமீட்டர். மங்கலிலும் அதற்கு மேல் விரியாத கண்ணுக்கு அதைவிடப் பெரிய கற்றை வீண். ஸ்கோப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தகுந்த காரணம், குறியைத் திருத்தும் திருகியை எவ்வளவு திருப்பினோமோ அவ்வளவே குறி நகர்வதுதான். 100 மீட்டரில் 5 மில்ரேடியன் (ஒரு மில்ரேடியன் அங்கே 100 மில்லிமீட்டர்) ஏற்றினால் குறி 500 மில்லிமீட்டர் உயர வேண்டும்; 480 மட்டுமே உயர்ந்தால் நான்கு விழுக்காடு பிழை, தூரம் கூடக்கூட அது துன்பம் தரும். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் தாங்கு வளையங்களின் திருகுகளை முறுக்குமானியால் சரிபார்க்க வேண்டும். ஸ்கோப்பின் மேல் விழும் பழிகளில் கணிசமானவை தளர்ந்த திருகுக்கு உரியவை. அதேபோல், முழுக்க மிதக்கும், அதாவது ஸ்டாக்கை (துப்பாக்கியின் கட்டையை) எங்கும் தொடாத குழல் கொண்ட துப்பாக்கியாக இருந்தால், ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே நுழைத்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். நடுவில் எங்காவது சிக்கினால் குழல் ஸ்டாக்கில் உரசுகிறது, அதைச் சரிசெய்யப் புதிய குழல் தேவையில்லை.

குழல் விலையை மட்டும் பார்த்து, பொருத்தும் செலவை மறப்பதும் உண்டு. குழலில் தோட்டா அமரும் வெடியறையைக் குடைந்து, தலையிடைவெளியை (பூட்டிய நிலையில் தோட்டாவின் அடிக்கு விடப்படும் இடத்தை) அளவுமானிகளால் சரிபார்த்துப் பொருத்தத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும். அது சரியில்லாவிட்டால் எத்தனை உயர்ந்த குழலும் சாதாரணக் குழலே, சில வேளை ஆபத்தானதும்கூட. குழல் தேயும் பொருள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ரிம்ஃபயர் குழல் பல்லாயிரக்கணக்கான குண்டுகளைத் தாங்கும், 6.5 கிரீட்மோர் போன்ற வேகமான தோட்டாவில் போட்டித் துல்லியம் பொதுவாக 2,000 முதல் 3,000 குண்டுகளுக்குள் குறையத் தொடங்கும். இப்படிப்பட்ட குழலுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையைக் குண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், அது ஒரு தோட்டாவின் விலைக்கு முன் சிறிதாகவே தெரியும். ஆண்டுக்கு நூறு குண்டுகள் சுடுபவருக்கோ அந்தக் குழலின் ஆயுள் தீர்வதற்குள் ஆர்வம் தீர்ந்துவிடும். சரிசெய்யக்கூடிய ஸ்டாக் தேய்வதில்லை, உடலோடு பொருந்துகிறது, துப்பாக்கியை மாற்றினாலும் விற்க முடிகிறது. ஆகவே முதலில் எதற்குச் செலவிடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.