ஸ்லோ மோஷனில் பிசகாத உதட்டசைவு

சில பாட்டு வீடியோக்களில் சுற்றியுள்ள எல்லாம் மெதுவாக மிதக்கும், பாடுபவரின் உதடு மட்டும் பாட்டோடு அச்சாகப் பொருந்தும். பாட்டை வேகமாக ஓடவிட்டு, அதே விகிதத்தில் ஃபிரேம் வேகத்தை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) கூட்டி எடுத்து, எடிட்டில் மெதுவாக்குவதுதான் இதன் சூட்சுமம். பிரிட்டிஷ் இசைக்குழு கோல்ட்பிளேயின் ‘யெல்லோ’ (2000) வீடியோவை ஜேம்ஸ் ஃப்ராஸ்ட், அலெக்ஸ் ஸ்மித் இருவரும் நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்தார்கள். கடற்கரையில் நடந்தபடி குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் வாயசைத்தது இரட்டை வேகப் பாட்டுக்கு.

எடுக்கும் ஃபிரேம் வேகத்தை டைம்லைன் வேகத்தால் (எடிட்டில் படம் ஓடும் ஃபிரேம் வேகம்) வகுத்தால் பிளேபேக் வேகம், அதாவது படப்பிடிப்பில் பாட்டை ஓட்டும் வேகம், வந்துவிடும். 25 டைம்லைனுக்கு 50-இல் எடுத்தால் பாட்டு 200%. 24-க்கு 30 என்றால் 125%, 36 என்றால் 150%. நிமிடத்துக்கு 120 பீட் உள்ள பாட்டை 200%-இல் ஓட்டினால் வார்த்தை வாயில் நுழையாது, 125% போதும். இரட்டை வேகத்தை 70, 80 பீட் பாட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேபேக் ஃபைலைச் சுருதி மாறாமல் வேகப்படுத்துங்கள். கீச்சுக்குரலில் சொற்கள் பிடிபடாது. பல்லவி, சரணம் எனத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றின் முன்பும் அதே வேகத்தில் தாளம் காட்டும் நான்கு கிளிக் ஒலி சேருங்கள். பாடகருக்கு இந்த ஃபைல் சில நாள் முன்பே போய்ச்சேர வேண்டும். விலை உயர்ந்த கேமராவைவிட இந்தப் பயிற்சிதான் காட்சியைக் காப்பாற்றும். வேகம் கூடினால் வாய் தானாகவே சுருங்கும். முணுமுணுக்காமல் சத்தமாகப் பாடச் சொல்லுங்கள், அப்போதுதான் கழுத்தும் தாடையும் உண்மையாக அசையும். கண் சிமிட்டுவதும் மெதுவாகிவிடுவதால் நெருக்கக் காட்சியில் தூக்கக் கலக்கம்போலத் தெரியும், கவனம்.

50 ஃபிரேமுக்கு ஷட்டர் வேகம் 1/100 நொடி. 25-இல் எடுப்பதைவிட ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக, அதாவது இரு மடங்கு, வேண்டும்.

பல கேமராக்கள் ஸ்லோ மோஷன் மோடில் ஒலியைப் பதிவதில்லை. ஆகவே ஒவ்வொரு டேக்கிலும் கிளிக்கோடு சேர்த்து கிளாப் அடித்துப் படத்தில் பதியுங்கள். எடிட்டில் கிளிப்பை 25 ஃபிரேமாக இன்டர்ப்ரெட் செய்த (நொடிக்கு 25 ஃபிரேம் எனக் கொள்ளும்படி மென்பொருளுக்குச் சொன்ன) பிறகே டைம்லைனில் போட வேண்டும். நேரே போட்டால் மென்பொருள் பாதி ஃபிரேமை விழுங்கிவிடும், ஸ்லோ மோஷனே இருக்காது. பிறகு அசல் வேகப் பாட்டை அடியில் வைத்து, ப, ம வரும் இடங்களில் உதடு மூடுகிறதா என்று பாருங்கள்.

தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால், 24-க்கும் 23.976-க்கும் குழப்பம் நேர்ந்திருக்கும். 3 நிமிடப் பாட்டில் அது 4 ஃபிரேம்வரை தள்ளும். கிளிப்பை இழுத்து ஒட்டவைக்காதீர்கள், இன்டர்ப்ரெட் எண்ணைத் திருத்துங்கள்.