லினக்ஸ் பழக இலவச டிஸ்ட்ரோவா, காசு கொடுத்ததா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்ட்டிஷனை அழித்துவிட்டேன், ரூட் பாஸ்வேர்டு மறந்துவிட்டது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். எந்த டிஸ்ட்ரோவில் (லினக்ஸை ஆளாளுக்குத் தொகுத்துத் தரும் பதிப்பு) பழகுவது என்பதில் சறுக்கினால் மாதக்கணக்கில் தெரியாமலே ஓடும். எங்கள் காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இன்று புதிதாக வருகிறவர்களும் வரிசையாகச் சறுக்குகிறார்கள்.

காசு கொடுத்தால்தான் ஒரிஜினல் என்று நினைப்பது

கம்பெனிகள் காசு கட்டிப் பயன்படுத்தும் டிஸ்ட்ரோ ரெட் ஹேட். அதன் சந்தா என்பது சப்போர்ட்டுக்கும் பேட்சுக்கும் (பிழை திருத்தங்கள்) கட்டுகிற பணம். நடுராத்திரியில் சர்வர் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கவலை கம்பெனிக்கு உண்டு. வீட்டில் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) பழகுகிறவருக்கு என்ன கவலை? அப்புறம், பழகுவதற்கு ரெட் ஹேட்டே சும்மா தருகிறது: டெவலப்பர் கணக்கு தொடங்கினால் தனிநபர் ஒருவர் 16 கணினிகள் வரை பதிவு செய்யலாம். உபுண்டு டிஸ்ட்ரோவின் சந்தாவான உபுண்டு ப்ரோவும் தனிநபருக்கு 5 கணினிகள் வரை இலவசம்.

இது தெரியாமல், யாரோ பென்டிரைவில் கொடுத்த ரெட் ஹேட் ஐஎஸ்ஓவைப் போட்டுவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டுவிடுவார்கள். பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) இறக்கப் போனால், அதைத் தரும் ரெப்போ எதுவும் இருக்காது. உடனே, "ரெட் ஹேட் ரொம்பக் கஷ்டம் சார்" என்பார்கள்.

செத்துப்போன சென்ட்ஓஎஸ்ஸில் படிப்பது

சென்ட்ஓஎஸ் என்பது ரெட் ஹேட்டின் இலவச நகலாக இருந்த டிஸ்ட்ரோ. எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான். பயிற்சி மையம் ஒன்றில் பணம் கட்டிப் படித்த பையன் லேப்டாப்போடு வந்தான். அப்பாச்சி வெப் சர்வரை நிறுவ, பேக்கேஜ் இறக்கும் யம் கட்டளையைத் தட்டினால், ரெப்போ முகவரிகளைத் தரும் மிரர்லிஸ்ட் சர்வரின் முகவரியே கிடைக்கவில்லை என்று பிழை வருகிறது. வைஃபை கோளாறு என்று நினைத்து ரௌட்டரை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறான். அவன் கையில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7. அதன் ஆயுள் 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது, மிரர்லிஸ்ட்டையும் மூடிவிட்டார்கள்.

சென்ட்ஓஎஸ் 8-இன் கதை இன்னும் மோசம். 2029 வரை வரும் என்று நம்பியிருந்ததை 2021 டிசம்பரோடு நிறுத்தப்போவதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன. இரண்டும் இலவசம்.

ரெப்போ முகவரியை வால்ட்டுக்கு மாற்றினால் பேக்கேஜ் இறங்கும், உண்மைதான். ஆனால் வால்ட் என்பது பழைய சாமான் கிடங்கு, அங்கே புதிய பேட்ச் வராது. அதைவிடப் பெரிய நஷ்டம், கை பழகுவதெல்லாம் பழைய வழக்கமாகவே இருக்கும். 7-இல் நெட்வொர்க் சேவையை ரீஸ்டார்ட் செய்து பழகியவர் ரெட் ஹேட் 9-இல் அதையே தட்டினால், அப்படி ஒரு யூனிட்டே (சேவையே) இல்லை என்று பதில் வரும். அங்கே எல்லாம் நெட்வொர்க்மேனேஜர்தான். ரெட் ஹேட்டின் சான்றிதழ் தேர்வான ஆர்ஹெச்சிஎஸ்ஏ முழுக்கக் கையால் செய்து காட்டுவது, நாலு விடையில் ஒன்றைக் குறிக்கிற வேலை இல்லை. தேர்வுக் கட்டணமும் கொஞ்சநஞ்சம் அல்ல.

ஆகவே பணம் கட்டும் முன் மையத்தில், "எந்த வெர்ஷனில் சொல்லித் தருகிறீர்கள்?" என்று கேளுங்கள். 7 என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "அடிப்படை எல்லாம் ஒன்றுதான் தம்பி" என்று சமாளிப்பார்கள். எல்எஸ், சிடி போன்ற ஆரம்பக் கட்டளைகள் வரைக்கும் ஒன்றுதான்.

காளியை முதல் லினக்ஸாகப் போடுவது

வேண்டாம். காளி பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களுக்கான டிஸ்ட்ரோ.

வாரம் ஒரு டிஸ்ட்ரோ மாற்றுவது

வால்பேப்பர்தான் மாறும். சர்வர் வேலைக்கு ரெட் ஹேட் குடும்பம், டெபியன் - உபுண்டு குடும்பம் இரண்டும் கேட்பார்கள். ஒன்றில் ஆறு மாதம் உட்கார்ந்தால் மற்றதில் பேக்கேஜ் இறக்க டிஎன்எஃப்புக்குப் பதில் ஏபிடி, பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக்கு எஸ்இலினக்ஸுக்குப் பதில் ஆப்ஆர்மர் என்று மாற்றிக்கொள்வது பெரிய வேலையில்லை.

பழைய லேப்டாப்பில் ரெட் ஹேட் 10-ஐப் போட முயல்வது

புதியது வேண்டும் என்றதும் சிலர் நேரே ரெட் ஹேட் 10-க்குப் போய்விடுகிறார்கள். அது எக்ஸ்86-64-வி3 என்ற புதிய தர ப்ராசசர் கேட்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ5 லேப்டாப்பில் ஏறாது, ராக்கி 10-ம் அப்படியே. அல்மாலினக்ஸ் 10-க்கு மட்டும் பழைய ப்ராசசர்களுக்கென்று தனி வி2 (வி3-க்கு முந்தைய தரம்) பதிப்பு உண்டு. அதுவும் சரிப்படவில்லையென்றால் அல்மா 9 அல்லது ராக்கி 9 போடுங்கள், 2032 வரை பேட்ச் வரும்.