நிலைபெற்ற பவளத் தொட்டியில் பாறைகளை மாற்றி அடுக்கும் முறை

பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்ப் பவளத் தொட்டியில் பாறைகளை மாற்றி அடுக்கும்போது மீன்கள் சாக நேர்ந்தால், அதற்குப் பெரும்பாலும் அடியில் கிடக்கும் மணலே காரணமாக இருக்கும். லைவ் ராக் எனப்படும் உயிர்ப்பாறையின் நுண்துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பாறை நனைந்தபடியும் தொட்டி நீரின் வெப்பத்திலும் இருக்கும்வரை, இடம் மாறுவதால் மட்டும் அவை அழிவதில்லை. அசையாமல் கிடந்த மணற்படுகையின் அடியிலோ ஆக்சிஜன் இராது. அங்கே மீன் கழிவும் மக்கிய தீனியும் சேர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு எனும் நச்சு வாயுவும் உருவாகியிருக்கலாம். பாறையைச் சரேலென்று இழுத்தால் அவை அனைத்தும் ஒரே நேரத்தில் நீரில் கலந்துவிடும். ஆகவே பாறையை எடுப்பதையும் மணலைத் துப்புரவு செய்வதையும் இரண்டு தனி வேலைகளாகக் கருதுவதே இந்தப் பணியின் அடிப்படை.

பாறைக்குப் பின்னால் நீரோட்டம் செல்லாமல் கழிவு படிகிறது, அடுக்கு ஒரு பக்கம் சாய்கிறது, வளர்ந்துவிட்ட பவளங்கள் ஒன்றையொன்று தீண்டிக் கொல்கின்றன என்பவை பாறைகளை மாற்றி அடுக்கப் போதுமான காரணங்கள். பார்த்துச் சலித்துவிட்டது என்பது மட்டுமே காரணமென்றால், மேலே இருக்கும் இரண்டு கற்களை நகர்த்திவிட்டுச் சில வாரங்கள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கும்.

எந்த மாதத்தில் செய்கிறோம் என்பது புதுச்சேரியிலும் கடலூரிலும் மிக முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடக்கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. அம்மோனியா ஏறியிருக்கும் தொட்டியில் மின்சாரமும் நின்றுபோனால் மீன்களைக் காப்பாற்றுவது கடினம். அக்னி நட்சத்திர நாட்களும் ஏற்றவை அல்ல. நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. அதே அளவு அம்மோனியாவில் நஞ்சான பங்கு கூடுகிறது. விசிறி வைத்துக் குளிர்விக்கலாம் என்றால், கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் நீர் ஆவியாவது குறைவு என்பதால் விசிறியால் அதிகப் பயன் கிடைப்பதில்லை. ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் இங்கே மிகப் பொருத்தமான காலம்.

முந்தைய நாளே ஆர்.ஓ. நீரில் உப்பைக் கரைத்து, பம்ப் வைத்துச் சுழலவிட்டு, உப்புச்செறிவு தொட்டியில் உள்ளதற்குச் சமமாக இருப்பதையும், வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபடாததையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். தொட்டியின் கொள்ளளவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு புதுநீர் கையிருப்பில் இருக்கட்டும். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புச்செறிவுக்கு நூறு லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு கிலோ உப்பு பிடிக்கும். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கரையோர நீரை முகந்து வந்து ஊற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. மழைக்காலத்தில் தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீரால் கடலூர்க் கரையின் உப்புச்செறிவு தாழ்ந்துவிடும். மற்ற நாட்களிலும் துறைமுகம், தொழிற்சாலைகள், சாக்கடை முகத்துவாரங்கள் ஆகியவற்றுக்கு அருகில் அந்த நீரில் என்ன கலந்திருக்கிறதென்று வீட்டுச் சோதனைப் பெட்டியால் அறிய முடியாது.

கற்களை வைக்க உணவுத் தரப் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு தேவை. அவற்றில் காட்சித் தொட்டியின் நீரையே நிரப்பி, ஏர் பம்ப் போட வேண்டும்; வேலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் என்றால் ஹீட்டரும் தெர்மாமீட்டரும் வைக்க வேண்டும். ஒன்றில் பவளம் ஒட்டிய கற்கள், மற்றதில் வெறும் கற்கள் எனப் பிரிப்பது நல்லது. கற்களை மணிக்கணக்கில் வெளியில் காயவிட்டால் அவற்றில் வாழும் கடற்பஞ்சுகள் செத்து அழுகி, பிறகு அவையே அம்மோனியாவுக்குக் காரணமாகும்.

கையை நீரில் விடுமுன் ஹீட்டர், விளக்கு, நீரோட்டம் தரும் வேவ் மேக்கர், கீழ்த்தொட்டியான சம்ப்பிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப் அனைத்தின் மின்சாரத்தையும் துண்டிக்க வேண்டும். ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப் ஆஃப் கருவியை மறக்காமல் அணைக்க வேண்டும் என்பதைத் தனியாகவே சொல்கிறேன். பாறைகளை எடுத்துவிட்டு நடுவில் ரிட்டர்ன் பம்பை ஓட்டினால், பாறைகள் அடைத்திருந்த இடத்தை நிரப்ப சம்ப் நீர் மேலே ஏறிவிடும், சம்ப்பில் நீர் குறைந்ததைக் கண்ட கருவி நன்னீரைப் பாய்ச்சத் தொடங்கும், உப்புச்செறிவு சரியும். பாறைகளைத் திரும்ப வைக்கும்போது அந்தக் கூடுதல் நீர் முழுவதும் சம்ப் வழியாக வீட்டுத் தரையில் வழியும்.

முழங்கை வரை நீளும் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். சோவாந்திட், பாலிதோவா வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் எனும் கொடிய நஞ்சு உண்டு. கையில் சிறு வெட்டு இருந்தாலோ, நீர் கண்ணில் தெறித்தாலோ மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும். அவை ஒட்டிய கல்லைக் காற்றில் வைத்துத் தேய்க்கவோ, வெந்நீர் ஊற்றவோ, கொதிக்க வைக்கவோ ஒருபோதும் கூடாது.

விளக்கு எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து வேலையை ஆரம்பிக்கலாம், ஏனெனில் மணலுக்குள் உறங்கும் ராஸ் மீன்கள் அதற்குள் வெளியே வந்திருக்கும். மேற்கல்லிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் நேராக மேல்நோக்கி மெதுவாகத் தூக்க வேண்டும். நீருக்குள் இலேசாகத் தெரிந்த கல் நீர்மட்டத்தைத் தாண்டியதும் திடீரெனக் கனக்கும். ஒரு கையால் தூக்கியவர்களின் கல் கண்ணாடியில் மோதுவது அந்தக் கணத்தில்தான். கல்லின் துளைகளில் கோபி, பிளென்னி மீன்கள், பிஸ்டல் இறால் போன்றவை ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் நீருக்கு மேலேயே சற்று நிறுத்திப் பார்த்துவிட்டு மாற்ற வேண்டும். கடற்சாமந்தி ஒட்டியிருந்தால் அதன் பாதத்தைப் பிய்க்காமல் கல்லோடு சேர்த்தே எடுக்க வேண்டும். பாதம் கிழிந்தால் அது பிழைப்பது அரிது. அடிக்கற்கள் மணலில் புதைந்திருந்தால், முதலில் சைஃபன் குழாயால் அவற்றைச் சுற்றியுள்ள மணலை அழுக்கோடு உறிஞ்சி வெளியேற்றிவிட்டுப் பிறகே கல்லை அசைக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ கரிய மணல் தெரிந்தாலோ அந்தப் பகுதியை அன்றே முழுவதும் கிளறக்கூடாது. மணல் ஆழமாகவும் பழையதாகவும் உள்ள தொட்டியில் மூன்றில் ஒரு பகுதி வீதம், இரண்டு மூன்று வார இடைவெளியில் செய்வதே என் கணிப்பில் பாதுகாப்பானது. மணல் மெல்லியதாகவோ இல்லாமலோ இருந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

அடுக்கும்போது அடிக்கல் மணல்மேல் அமராமல் தொட்டியின் அடிக்கண்ணாடியிலேயே அமர வேண்டும். மணலில் வைத்த அடுக்கைக் கோபியும் பிஸ்டல் இறாலும் அடியில் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும். ஒவ்வொரு கல்லும் குறைந்தது மூன்று புள்ளிகளில் தாங்கப்பட்டு, கையால் உந்தினாலும் ஆடாமல் நிற்க வேண்டும். உயரமான அடுக்குக்குக் கற்களைத் துளையிட்டு அக்ரிலிக் கம்பி செருகுவது எல்லாவற்றையும்விட உறுதியானது. பின்கண்ணாடியிலிருந்தும் பக்கக் கண்ணாடிகளிலிருந்தும் கை நுழையும் அளவு இடைவெளி விட்டால், நீரோட்டமும் சுத்தம் செய்யும் காந்தமும் தடையின்றிச் செல்லும். கூடுதல் கல் தேவைப்பட்டால் செயற்கைப் பீங்கான் கல் வாங்கலாம். மன்னார் வளைகுடாப் பக்கத்திலிருந்து வரும் பவளக்கல்லை யார் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. கல்பவளங்கள் 2001 முதல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன, அவை அங்கேயே இருக்க வேண்டியவை.

பவளங்களை ஒட்ட சூப்பர் குளூ வகையான சயனோஅக்ரிலேட் ஜெல் போதும். கனமானவற்றுக்கு, தொட்டிக்கென்றே விற்கப்படும் எபாக்ஸி மாவை நடுவில் வைத்து இரு பக்கமும் ஜெல் தடவலாம். எபாக்ஸி போட்ட அன்று, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியில் நுரை பொங்கி வழியும், ஆகவே சில மணி நேரம் அதை நிறுத்தி வைத்து, ஏர் ஸ்டோனால் காற்றூட்ட வேண்டும். யூஃபிலியா வகைப் பவளங்களின் நீண்ட தீண்டிழைகள் இரவில் எட்டும் தூரத்தை மனத்தில் கொண்டு, அவற்றைச் சுற்றிப் பதினைந்து செ.மீ. இடம் விட வேண்டும்.

முடிந்ததும் நீர்மட்டத்தையும் உப்புச்செறிவையும் சரிபார்த்த பிறகே டாப் ஆஃபை இயக்க வேண்டும். நீர் தெளியும் வரை ஃபில்டர் பஞ்சைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, வடிகட்டியில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் கரியும் போட வேண்டும். ஒரு வாரம் தினமும் அம்மோனியா சோதிக்க வேண்டும், 0.25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.25 பங்கு) அளவு தெரிந்தாலே தீனியைக் குறைத்து, கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். கீழிருந்து மேலே வந்த பவளங்கள் வெளுத்துப் போகாமல் இருக்க விளக்கின் வலிமையைப் பாதியாக்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக உயர்த்தலாம். பழைய எல்லைகள் கலைந்துவிட்டதால் டாம்செல், டாங் போன்ற மீன்கள் சில நாட்கள் துரத்திக்கொள்ளும். தனிமைப்படுத்திக் காத்திருந்த புதிய மீனை உள்ளே விட, நீரில் அம்மோனியா இல்லையென்றால், இதைவிட வசதியான வேளை கிடைக்காது.