தடைக்காலத்தில் எழுதிய இரண்டு பக்கம்: உங்களுக்காக மருத்துவரிடம் பேச ஓர் ஆளை நியமிப்பது எப்படி?

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பாம்பன் பக்கம் கல்யாணப் பேச்சு, வலை வேலை, கடன் பஞ்சாயத்து எல்லாம் அப்போதுதான். போன தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் முடிந்தது. அப்பா நினைவில்லாமல் கிடந்தால் அவருக்காக யார் பேசுவது என்று எழுதிவைத்தோம்.

காரணம் பெரியப்பா. பக்கவாதம் வந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். மூத்த மகன் கடலில், இளையவன் துபாயில். வென்டிலேட்டரை எடுப்பதா, தொடர்வதா என்று மருத்துவர் கேட்டபோது அக்காமார் இருவரும் வராந்தாவிலேயே மல்லுக்கு நின்றார்கள். பெரியப்பாவின் விருப்பம் ஒருவருக்கும் தெரியாது.

1. நமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் 'பவர்' பத்திரம் எழுதினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் சாதாரண பவர் பத்திரமும் முடிந்துபோகும். 1872 ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வேண்டிய நேரத்தில் காலை வாரிவிடும். உங்களுக்குத் தேவை 'லிவிங் வில்', அதாவது எந்தச் சிகிச்சை வேண்டாம், யார் உங்களுக்காகப் பேசுவார் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம். சொத்து உயில் இறந்த பிறகு பேசும், இது உயிர் இருக்கும்போதே பேசும். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்தும் வேண்டும் என்று முதலில் இருந்ததை 2023 ஜனவரியில் தளர்த்திவிட்டது.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது கால் முறிவுக்கோ பிரசவத்துக்கோ அல்ல. மீளவே வழியில்லாத நோயில், உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையை மறுக்க அல்லது நிறுத்தத்தான். ஊசி போட்டு உயிரை முடிக்கச் சொல்லி எழுதினால் செல்லாது.

2. ஆளைத் தேர்ந்தெடுங்கள். இதற்குத்தான் நாங்கள் மூன்று நாள் எடுத்தோம். மூத்த மகன்தான் என்பது நம் ஊர் வழக்கம். ஆனால் அண்ணன் கடலுக்குப் போனால் பாதி நேரம் போனில் சிக்னல் கிடைக்காது. ராமநாதபுரத்தில் வேலை பார்க்கும் தங்கையை முதலில் போட்டோம், அவளைப் பிடிக்க முடியாவிட்டால் அண்ணன். ஒருவருக்கு மேல் பெயர் எழுதலாம். பாசம் அதிகமுள்ளவரைவிட, அழுதுகொண்டாவது நீங்கள் சொன்னதைச் சொல்லிவிடக் கூடியவர்தான் சரி. அவரிடம் முதலில் கேளுங்கள். தங்கை ஒரு வாரம் பிடிகொடுக்கவில்லை.

3. எழுதுங்கள். பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனதோடு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை குழப்பமில்லாத சொற்களில் எழுதுங்கள். "கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று அப்பா முதலில் சொன்னதை வைத்து எந்த மருத்துவரும் எதுவும் செய்ய முடியாது. "குணமாகாது என்று மருத்துவர்கள் முடிவு செய்தால் வென்டிலேட்டர் வேண்டாம், வலி குறைக்கும் மருந்து வேண்டும்" என்று மாற்றினோம். பின்விளைவு புரிந்துதான் எழுதுகிறேன், எப்போது வேண்டுமானாலும் நான் இதை ரத்து செய்யலாம் என்பதையும் சேருங்கள்.

4. கையெழுத்து. இரண்டு சாட்சிகள், முடிந்தவரை வெளியாட்கள். அவர்கள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரி வக்கீலிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ, அதாவது பச்சை மைக்காரரிடம், சான்று வாங்க வேண்டும்.

5. நகல்கள். நியமித்தவருக்கு ஒன்று, குடும்ப மருத்துவர் இருந்தால் அவருக்கு ஒன்று, உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒன்று. பாம்பன் என்றால் ஊராட்சி, மண்டபம் என்றால் பேரூராட்சி, ராமேஸ்வரம், கீழக்கரை என்றால் நகராட்சி. கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கை சரி என்றதும் குழாயைப் பிடுங்கிவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு முதலில் பார்க்கும், அப்புறம் இரண்டாவது குழு. இரண்டும் ஒத்துக்கொண்டு, மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போன பிறகுதான் நடக்கும்.

மனநல சிகிச்சைக்கு வழி தனி. எங்கள் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பிடித்த தீயில் 28 பேர் செத்தார்கள், சங்கிலியில் கிடந்தவர்கள். அவர்களுக்காகப் பேச ஆளில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி வெற்றுத்தாளில் பெயர் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்து ஒருவரை நியமிக்கலாம்; அவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

அப்பாவின் அசல், காப்பீட்டு அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அதன் படம் தங்கை போனிலும் அண்ணன் போனிலும் உண்டு. அடுத்த தடைக்காலத்தில் அம்மாவுக்கு எழுத வேண்டும். அவள் இன்னும் யார் பெயரையும் சொல்லவில்லை.