செஸ்னா 172 ஓட்டக் கற்பவருக்கு: கண் எங்கே, கை எங்கே, கால் எங்கே

செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தில் முதல் சில வகுப்புகளில் ஏறக்குறைய எல்லாரும் செய்யும் தவறு ஒன்றுதான்: வேகமானியைத் துரத்துவது. 100 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற வேக அளவு) வேண்டும், முள் 90-இல் நிற்கிறது, மூக்கைத் தாழ்த்துகிறார்கள். ஒரு டன் எடை உடனே வேகம் பிடிக்காது. முள் நகரவில்லையே என்று இன்னும் தாழ்த்துகிறார்கள். சற்று நேரத்தில் முள் 110-ஐத் தாண்டிவிடும், மறுபடி மூக்கைத் தூக்குவார்கள். விமானம் ஊஞ்சலாடும். வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த நோய் இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே பார்ப்பதற்கு டயல்தான் இருந்தது.

மருந்து எளிது. கண்ணாடிக்கு வெளியே, அடிவானம் மூக்குக்கு மேலே எத்தனை விரல் உயரத்தில் தெரிகிறது என்று பாருங்கள். அந்த இடைவெளியை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருங்கள். வேகம் தானாக ஓர் இடத்தில் வந்து நிற்கும். பிறகு ட்ரிம் சக்கரத்தை உருட்டி, கையில் தெரியும் இழுப்பை எடுத்துவிடுங்கள். யோக்கை, அதாவது கையில் பிடிக்கும் ஸ்டியரிங்கை, இரண்டு விரலால் பிடிக்க முடியாவிட்டால் ட்ரிம் சரியில்லை என்று பொருள். கை வலிக்க ஓட்டுவது திறமை இல்லை.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: இந்தியாவில் மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது, குறைந்தது 40 மணி நேரப் பறத்தல். நாற்பதிலேயே முடிப்பவர்கள் குறைவு, அதற்கு மேலும் பணம் ஒதுக்கி வையுங்கள். பள்ளிக்குக் கட்டணம் கட்டுமுன் மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறை இருப்பது பலருக்கு அந்த நாற்காலியில் உட்காரும்வரை தெரியாது.

இனி விமானத்தைச் சுற்றி வருவோம். கீழே சொல்லும் எண்கள் 172எஸ் மாடலுக்கு உரியவை. பழைய 172-இல் மாறும், உங்கள் விமானத்தின் கையேடுதான் கடைசிச் சொல்.

எரிபொருளில் தொடங்குங்கள். இறக்கைக்கு ஐந்து, வயிற்றுப் பக்கம் மூன்று என்று 13 வடிகால்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் வெளிர்நீலம். தண்ணீர் இருந்தால் அடியில் குமிழாகத் தங்கும். மழைக்காலத்தில் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும். பாதி நிரம்பிய டேங்க்கை இரவு முழுக்க நிறுத்தினாலும் உட்சுவரில் வியர்த்து இறங்கும். ஒரு சிறு பொறி: குப்பி முழுவதும் தண்ணீராகவே இருந்தால் கோடு தெரியாது, எல்லாம் சுத்தம்போலத் தோன்றும். நிறத்தையும் மணத்தையும் பாருங்கள் என்பது அதற்காகத்தான். அளவுக்கு மீட்டர் முள்ளை நம்பாமல், ஏணி போட்டு ஏறி அளவுக்கோலை விட்டுப் பாருங்கள். மூடியை நீங்களே இறுக்குங்கள். தளர்ந்த மூடி வழியே மேலே ஓடும் காற்று பெட்ரோலை உறிஞ்சி வெளியே கொட்டிவிடும்.

எஞ்சின் எண்ணெய் 5 குவார்ட்டுக்குக் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) குறைந்தால் பறக்கக் கூடாது. முழு அளவு 8. பிட்டாட் (வேகமானிக்குக் காற்றைப் பிடிக்கும் குழாய்) உறையையும் யோக்கின் பூட்டுக் கம்பியையும் எடுத்தாயிற்றா? பூட்டோடு ரன்வேயில் ஓடி உயிர் விட்டவர்கள் அனுபவசாலிகள்தாம். ஆகவே புறப்படுமுன் யோக்கை எல்லாப் பக்கமும் கடைசிவரை அசையுங்கள். இரண்டு கட்டை விரலையும் மேலே நீட்டிப் பிடித்துத் திருப்பினால், விரல் சாயும் பக்கத்து எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே எழ வேண்டும். எதிராக அசைந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

தரையில் யோக் திருப்பினால் விமானம் திரும்பாது. கார் ஓட்டியவர்களின் கை இதை மறக்கப் பல நாள் பிடிக்கும். குதிகால் தரையில், பாதம் பெடலின் கீழ்ப்பகுதியில். பிரேக்குக்கு மட்டும் நுனியை மேலே கொண்டு போங்கள். நடக்கும் வேகம் போதும். ரன்வேக்கு முன் நிறுத்தி எஞ்சினை நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு ஏற்றி, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். 150 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. சாவியைத் திருப்பியும் கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் மகிழ வேண்டாம். அந்த மேக்னெட்டோ அணையவே இல்லை, கையால் புரொப்பெல்லரைத் தொடுபவருக்கு அது ஆபத்து.

முழு த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு இடது பக்கம் இழுக்கும். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. அது தள்ளும் காற்று உடலைச் சுற்றிப் போய் வால் துடுப்பின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வலது காலை அழுத்துங்கள். 55 நாட்டில் மெல்ல இழுத்து, 74-இல் ஏறுங்கள். வெயில் நாளில் ஓட்டம் நீளும்: கடல்மட்டத்தில் 38 டிகிரி வெப்பத்தில் விமானம் ஏறத்தாழ 2,700 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும்.

ஏறியவுடன் எஞ்சின் நின்றால் முதல் வேலை மூக்கைத் தாழ்த்தி 70 நாட்டைப் பிடிப்பது. நேரே, அல்லது சற்றே இடம் வலமாக, கிடைத்த இடத்தில் இறங்குங்கள். சில நூறு அடி உயரத்தில் ரன்வேக்குத் திரும்ப முயல்வது விபத்து அறிக்கைகளில் அலுக்கும்வரை வரும் காரணம்.

ஸ்டால் என்றால் எஞ்சின் நிற்பது என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை மீறினால் தூக்குவிசை சரிகிறது, அவ்வளவுதான். ஃபிளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்னால் கீழிறக்கும் பலகை) இல்லாமல் நேராகப் பறக்கையில் 48 நாட்டில் நடப்பது, உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் 57-இலும், 60 டிகிரியில் 68-இலும் நடக்கும். மீள்வதற்கு முதலில் யோக்கை முன்னே விடுங்கள். பிறகு முழு பவர், பிறகு இறக்கையை மட்டம் செய்வது. ஒரு பக்கம் சாய்கிறதே என்று முதலில் எய்லரானைத் திருப்பினால் கீழிறங்கும் இறக்கையின் கோணம் இன்னும் கூடி, ஸ்டால் ஆழமாகும்.

இறங்குவதுதான் மணிக்கணக்கைத் தின்னும். தரையிலிருந்து 1,000 அடியில் ரன்வேக்கு இணையாக வாருங்கள். இறங்கும் இடத்துக்கு நேர் பக்கவாட்டில் பவரை 1,500 சுற்றுக்குக் குறைத்து, வேகம் 85-க்குக் கீழே வந்ததும் ஃபிளாப் 10 டிகிரி. அடுத்த திருப்பத்தில் 20, 75 நாட். கடைசி நேர்கோட்டில் 30, 65 நாட். அந்தக் கடைசித் திருப்பத்தில் ரன்வேயைத் தாண்டிப் போய்விட்டால் காலால் மூக்கை இழுத்துத் திருத்தாதீர்கள். மெதுவான வேகத்தில் அப்படிச் செய்தால் உள்பக்க இறக்கை முதலில் ஸ்டாலாகி விமானம் சுழலத் தொடங்கும். மீள உயரம் இருக்காது. மேலே ஏறி மறுபடி சுற்றி வாருங்கள்.

65-க்குப் பதில் 75-இல் வந்தால் அடக்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். விமானம் ரன்வேயில் மிதந்துகொண்டே போகும். பொறுமை இழந்து யோக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் தட்டும், விமானம் துள்ளும். துள்ளலைத் தள்ளி அடக்கப் பார்த்தால் அடுத்த துள்ளல் பெரிதாகும், மூன்றாவதில் முன்சக்கரத் தண்டு உடையலாம். முழு பவர், ஃபிளாப் 20, 60 நாட்டில் ஏற்றம்: இது ஒன்றே வழி.

தரைக்குப் பத்து பதினைந்து அடி இருக்கும்போது பார்வையை ரன்வேயின் மறுகோடிக்கு நகர்த்துங்கள். மூக்குக்குக் கீழேயே பார்த்தால் தரை வேகமாக வருவதுபோலத் தோன்றி, சீக்கிரம் இழுத்துவிடுவீர்கள். பவரைக் குறைத்து, இறங்கவிடாமல் பிடிப்பதுபோல யோக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். பின்சக்கரங்கள் தொட்ட பிறகும் இழுத்தே வைத்திருங்கள்.

முதல் தனிப் பறத்தலன்று பக்கத்து இருக்கையில் ஆள் இருக்க மாட்டார். எடை எழுபது எண்பது கிலோ குறைந்த விமானம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் எழும், வேகமாக ஏறும், இறங்கும்போது அதிகம் மிதக்கும். முன்பு பழகிய இடத்தில் பவரைக் குறைத்தால் உயரமாக வந்து நிற்பீர்கள். கொஞ்சம் முன்னதாகவே குறையுங்கள்.